‘கெட்’ என்ற ஒரே வினைக்கு எத்தனை பொருள்? எங்கே எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

சொல்தேடி:

ஆங்கில அகராதியில் ‘கெட்’ என்ற வினையைப் பார்த்தால் பொருள்கள் முடிவில்லாமல் போகின்றன. மனப்பாடம் செய்து தீர்க்கிற விஷயமாகத் தெரியவில்லை. இவற்றைப் பாருங்கள்:

‘ஐ காட் எ லெட்டர்.’
‘இட்ஸ் கெட்டிங் டார்க்.’
‘வீ காட் ஹோம் அட் டென்.’
‘ஹி காட் ஃபயர்ட்.’
‘ஐ காட் மை ஹேர் கட்.’
‘ஐ காட் டு மீட் ஹெர்.’
‘ஐ டோன்ட் கெட் இட்.’

முதலாவதில் கிடைத்தது, இரண்டாவதில் ஆகிறது, மூன்றாவதில் போய்ச் சேர்ந்தோம், கடைசியில் புரியவில்லை. வாக்கியத்தைப் பார்த்த மாத்திரத்தில் எந்தப் பொருள் என்று பிரித்துக்கொள்ள ஏதாவது வழி உண்டா? கூடவே இன்னொன்று. ‘டிக்கெட் இஸ் நாட் கெட்டிங்’ என்று பலர் பேசுகிறார்கள். தவறு என்று திருத்துகிறவர்கள் ஏன் தவறு என்று சொல்வதில்லை. விளக்க முடியுமா?

வலப்பக்கம்:

வழி உண்டு. ‘கெட்’டை விட்டுவிட்டு அதற்கு அடுத்து என்ன நிற்கிறது என்று பாருங்கள். இந்த வினைக்குச் சொந்தப் பொருள் மிகக் குறைவு. பின்னால் வரும் சொல்லின் வகைதான் பொருளைக் கொடுக்கிறது. நீங்கள் கொடுத்த ஏழு வாக்கியங்களிலும் அடுத்து நிற்பது வேறு வேறு வகை.

பெயர்ச்சொல் நின்றால் ஒன்று கைக்கு வருகிறது என்று பொருள். எப்படி வந்தது என்பதை ‘கெட்’ சொல்லாது. ‘ஐ காட் எ நியூ ஃபோன்’ என்றால் காசு கொடுத்து வாங்கியதா, யாராவது கொடுத்ததா என்று தெரியாது. அது முக்கியம் என்றால் ‘பை’ அல்லது ‘ரிசீவ்’ போடவேண்டும். இரண்டு செயப்படுபொருள் வந்தால் திசை மாறும். ‘ஐ காட் ஹெர் எ புக்’ என்றால் அவளுக்காக வாங்கினேன். ‘ஐ காட் எ புக் ஃப்ரம் ஹெர்’ என்றால் அவளிடமிருந்து வந்தது. ‘கெட் மீ சம் வாட்டர்’ என்பதில் அது ‘கொண்டு வா’. நோயும் இந்த வகையில்தான் சேரும்: ‘கெட் எ கோல்ட்’, ‘கெட் த ஃப்ளூ’. ஃபோன் அடிக்கும்போதோ கதவு தட்டப்படும்போதோ ‘ஐ வில் கெட் இட்’ என்றால் நான் எடுக்கிறேன், நான் திறக்கிறேன். சாப்பிட்டு முடித்து பில் வரும்போது ‘ஐ வில் கெட் திஸ்’ என்றால் காசு நான் கொடுக்கிறேன்.

பெயரடை நின்றால் ‘ஆகுதல்’. ‘கெட் டார்க்’, ‘கெட் டயர்ட்’, ‘கெட் ரெடி’, ‘கெட் பெட்டர்’. இங்கே இரண்டு பள்ளங்கள். ஒன்று, பெயர்ச்சொல்லுக்கு இந்தப் பொருள் செல்லாது. ‘ஹி பிகேம் எ டாக்டர்’ என்றால் அவர் டாக்டர் ஆனார். ‘ஹி காட் எ டாக்டர்’ என்றால் போய் ஒரு டாக்டரைக் கூட்டி வந்தார். இரண்டு, எல்லாப் பெயரடையும் ‘கெட்’டோடு ஒட்டாது. பார்வை போவது, காது போவது, தலை வழுக்கையாவது, உணவு கெடுவது எல்லாம் ‘கோ’: ‘கோ பிளைண்ட்’, ‘கோ டெஃப்’, ‘கோ பால்ட்’, ‘கோ பேட்’. நிறம் மாறினால் ‘டர்ன் ரெட்’ அல்லது ‘கோ ரெட்’. வயது நிறைந்தால் ‘டர்ன் 40’. ‘பிகம்’ எழுத்து நடைக்கும் ‘ஃபேமஸ்’, ‘கிளியர்’ போன்றவற்றுக்கும் பொருந்தும்.

இடம் நின்றால் போய்ச் சேர்தல். ‘கோ’வுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. ‘கோ’ கிளம்பிப் போவதைச் சொல்கிறது, ‘கெட்’ சேர்ந்துவிடுவதைச் சொல்கிறது. அதனால்தான் வழி கேட்கும்போது ‘ஹவ் டு ஐ கெட் டு த ஸ்டேஷன்?’ என்பது இயல்பு. ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ மூன்றுக்கும் முன்னால் ‘டு’ வராது. ‘கெட் டு ஹோம்’ என்பது அடிக்கடி காதில் விழும் பிழை.

‘இட்’, ‘தட்’, ‘த ஜோக்’, ‘யுவர் நேம்’ போன்றவை நின்றால் பெரும்பாலும் மனதுக்குப் பிடிபடுதல் அல்லது காதில் விழுதல். ‘ஐ டிட்ன்ட் கெட் யுவர் நேம்’ என்றால் உங்கள் பெயர் சரியாகக் கேட்கவில்லை. இந்தப் பொருளில் ‘ஐஎன்ஜி’ வடிவம் வழக்கமில்லை. ‘ஐ டோன்ட் கெட் இட்’ சரி. ‘ஐ ஆம் நாட் கெட்டிங் இட்’ என்றால் ஏதோ ஒரு சாமான் எனக்குக் கிடைக்கப்போவதில்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

‘ஃபயர்ட்’, ‘ஹேர் கட்’, ‘டு மீட்’ மூன்றும் தனிக் கதை. அதை இன்னொருவர் எடுத்துக்கொள்ளட்டும்.

நாலாம்வேற்றுமை:

‘டிக்கெட் இஸ் நாட் கெட்டிங்’ பற்றி.

தமிழில் ‘எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை’ என்கிறோம். கிடைக்கும் பொருள் எழுவாய், பெறுகிறவருக்கு நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்தில் ‘கெட்’டுக்கு எழுவாய் பெறுகிற ஆள். அதனால் ‘டிக்கெட் இஸ் நாட் கெட்டிங்’ என்றால் டிக்கெட் எதையோ பெறவில்லை என்று ஆகிறது. எதை என்று கேட்பவர் காத்துக்கொண்டிருப்பார். ‘ஐ கான்ட் கெட் எ டிக்கெட்’ என்றோ, ஆளை எழுவாயாக்க விருப்பமில்லை என்றால் ‘டிக்கெட்ஸ் ஆர் நாட் அவைலபிள்’ என்றோ சொல்ல வேண்டும். ‘சிக்னல் இஸ் நாட் கெட்டிங்’ என்பதும் இதே நோய்தான். ‘ஐ ஆம் நாட் கெட்டிங் எ சிக்னல்’ என்று ஆளை முன்னால் கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே இன்னொரு கூட்டம் பிழைகள் முளைக்கின்றன. கோபம், பசி, தூக்கம் எல்லாம் தமிழில் ‘எனக்கு வருகிறது’. வருகிற பொருளாக நினைத்துக்கொண்டு ‘ஐ காட் ஆங்கர்’, ‘ஐ காட் ஹங்கர்’ என்று பெயர்ச்சொல் போடுகிறோம். ஆங்கிலம் இவற்றை நிலைமாற்றமாகப் பார்க்கிறது, எனவே பெயரடை: ‘ஐ காட் ஆங்ரி’, ‘ஹங்ரி’, ‘ஸ்லீப்பி’. ‘ஐ காட் சம் ஸ்லீப்’ என்ற வாக்கியமும் சரியானதுதான், ஆனால் அதன் பொருள் தூக்கம் வந்தது இல்லை, கொஞ்சம் தூங்கி எழுந்தேன். ஒரு சொல் தப்பினால் தூங்காதவர் தூங்கியவர் ஆகிவிடுகிறார்.

‘எனக்கு லேட் ஆகுது’ என்பதை ‘இட் இஸ் கெட்டிங் லேட் டு மீ’ என்று சொல்லக் கூடாது. பொழுது போய்விட்டது என்றால் ‘இட்ஸ் கெட்டிங் லேட்’, ‘டு மீ’ வேண்டாம். நான் குறித்த நேரத்துக்குப் போகமாட்டேன் என்றால் ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’.

இந்தியாவுக்குள் எல்லாருக்கும் புரிந்து, வெளியே போனால் புருவம் உயர்த்த வைக்கும் சில:

‘ஐ காட் டு நோ தட் ஹி ரிசைன்ட்.’ தெரியவந்தது என்பதற்கு ‘ஐ ஃபவுண்ட் அவுட்’ அல்லது ‘ஐ ஹேர்ட்’ போதும். ‘கெட் டு நோ’ ஆளோடு பழகிப் பழகி அறிந்துகொள்வதற்கு உரியது. ‘வீ காட் டு நோ ஈச் அதர்’ போல.

‘த கிளாஸ் காட் ஓவர்.’ வகுப்பு முடிந்தது என்றால் ‘த கிளாஸ் இஸ் ஓவர்’ அல்லது ‘எண்டட்’. ‘கெட் ஓவர்’ என்பது நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீள்வது.

‘ஐ காட் எ டவுட்.’ கேள்வி கேட்கப் போகிறீர்கள் என்றால் ‘ஐ ஹேவ் எ கொஸ்சன்’. ‘டவுட்’ என்றால் நீங்கள் சொன்னதை நம்பவில்லை என்ற வாடை அடிக்கும்.

‘கெட் டவுன் ஃப்ரம் த பஸ்.’ பஸ்ஸுக்கு ‘கெட் ஆஃப்’. மரம், ஏணி, சுவர் போன்ற உயரத்திலிருந்து இறங்குவதுதான் ‘கெட் டவுன்’. வண்டிகளுக்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. உள்ளே எழுந்து நடக்க முடிகிறவை, மேலே ஏறிக் காலைப் போட்டு உட்காருகிறவை இரண்டுக்கும் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’: பஸ், ரயில், விமானம், கப்பல், சைக்கிள், குதிரை. குனிந்து உள்ளே நுழைகிறவற்றுக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’: கார், டாக்சி. சின்னப் படகும் இதில்தான்.

மூன்றாம்வடிவம்:

மீதி மூன்றில் முதல் இரண்டை இப்போது எடுத்துக்கொள்கிறேன், ‘டு மீட்’ பிறகு. இவற்றில்தான் உண்மையான இலக்கணம் இருக்கிறது.

‘ஹி காட் ஃபயர்ட்’ செயப்பாட்டுவினை. ‘ஹி வாஸ் ஃபயர்ட்’ என்பதன் பேச்சு வடிவம் என்று மேலோட்டமாகச் சொல்லலாம், ஆனால் இரண்டையும் எல்லா இடத்திலும் மாற்றிப் போட முடியாது. ‘கெட்’ வடிவம் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. பெரும்பாலும் எதிர்பாராதது, ஒருவரைப் பாதித்தது, கெடுதலோ நன்மையோ கொண்டுவந்தது: ‘காட் ஹர்ட்’, ‘காட் காட்’, ‘காட் ப்ரொமோட்டட்’. (நடுவில் இருக்கும் இரண்டாவது ‘காட்’ பிடிபட்டது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. ஒலிப்பில் முதலாவதன் தொடக்கம் ‘கங்கை’யின் முதல் எழுத்துப்போல, இரண்டாவது ‘காகம்’போல, உயிரும் நீளம்.) அமைதியான நிலையைக் குறிக்கும் வினைகளோடு இது ஒட்டாது. ‘த ஆன்சர் வாஸ் நோன்’ சரி, ‘த ஆன்சர் காட் நோன்’ சரியில்லை. ‘த டெம்பிள் வாஸ் பில்ட் இன்...’ என்று வரலாறு எழுதும்போதும் ‘கெட்’ பொருந்தாது.

கேள்வியும் எதிர்மறையும் அமைக்கும்போது பலர் சறுக்குவார்கள். ‘பி’ துணைவினை, ‘கெட்’ துணைவினை இல்லை. எனவே ‘வாஸ் ஹி ஃபயர்ட்?’ என்பது ‘டிட் ஹி கெட் ஃபயர்ட்?’ ஆகும். ‘காட் ஹி ஃபயர்ட்?’ என்று ஒன்று கிடையாது. எதிர்மறை ‘ஹி டிட்ன்ட் கெட் ஃபயர்ட்’.

தனக்குத்தானே செய்துகொள்வதற்கும் இதே அமைப்பு: ‘கெட் டிரெஸ்ட்’, ‘கெட் மேரீட்’, ‘கெட் லாஸ்ட்’. திருமணத்துக்கு ‘டு’ வரும், ‘வித்’ வராது: ‘ஷி காட் மேரீட் டு எ பைலட்’. ‘கெட் யூஸ்ட் டு’வுக்குப் பின்னால் பெயர்ச்சொல்லோ ‘ஐஎன்ஜி’யோதான். ‘கெட் யூஸ்ட் டு ட்ரைவ்’ தவறு, ‘கெட் யூஸ்ட் டு ட்ரைவிங்’ சரி.

அடுத்து ‘ஐ காட் மை ஹேர் கட்’. தமிழில் ‘முடி வெட்டினேன்’ என்று சலூனுக்குப் போய் வந்தவரும் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் கத்தரிக்கோல் உங்கள் கையில்தான் இருந்தது. பிறரைக் கொண்டு செய்வித்தால் ‘கெட்’ + பொருள் + வினையின் மூன்றாம் வடிவம். வண்டி சர்வீஸ், பல் பிடுங்குதல், துணி தைத்தல், கண் பரிசோதனை எல்லாவற்றுக்கும் இதே வரிசை. வரிசை மாறினால் பொருளும் மாறும். ‘ஐ ஹேவ் கட் மை ஹேர்’ என்றால் திரும்பவும் நீங்களே வெட்டிக்கொண்டதாகிவிடும். ஒரு எச்சரிக்கை: ‘ஐ காட் த ஒர்க் டன்’ என்பது நானே முடித்தேன் என்றும் இருக்கலாம், ஆள் வைத்து முடித்தேன் என்றும் இருக்கலாம். சூழல்தான் சொல்லும். திருட்டுக்கு இந்த அமைப்பைத் தவிர்ப்பது நல்லது. ‘ஐ காட் மை ஃபோன் ஸ்டோலன்’ என்றால் நீங்களே ஏற்பாடு செய்ததுபோல் ஒலிக்கக்கூடும். ‘மை ஃபோன் காட் ஸ்டோலன்’ என்றால் குழப்பமில்லை.

பொருளுக்குப் பதில் ஆள் வந்தால் ‘டு’ கட்டாயம்: ‘ஐ காட் ஹிம் டு சைன்’. இதன் அண்டை வீட்டு வினைகளுக்கு ‘டு’ கிடையாது என்பதுதான் தொல்லை. ‘ஐ ஹேட் ஹிம் சைன்’, ‘ஐ மேட் ஹிம் சைன்’, ‘ஐ லெட் ஹிம் சைன்’. ‘ஐ காட் ஹிம் சைன்’ என்று எழுதினால் உடைந்த வாக்கியம். ‘கெட்’, ‘ஹேவ்’, ‘மேக்’ மூன்றையும் தமிழில் ‘கையெழுத்துப் போட வைத்தேன்’ என்று ஒரே அச்சில் வார்த்துவிடலாம், ஆனால் சாயல் வேறு. ‘கெட்’டில் பேசி இணங்க வைத்த முயற்சி இருக்கிறது. ‘ஹேவ்’வில் சொன்னால் செய்யவேண்டிய பொறுப்பில் அவர் இருக்கிறார். ‘மேக்’கில் கட்டாயம். ‘லெட்’ வெறும் அனுமதி. முரண்டு பிடிக்கும் இயந்திரத்துக்கும் ‘கெட்’தான் சரி: ‘ஐ காட் த இன்ஜின் டு ஸ்டார்ட்’.

சொல்தேடி:

மூவருக்கும் நன்றி. வலப்பக்கம் ஐயா சொன்ன கணக்கு நன்றாகப் பிடிபட்டது. இன்னும் இரண்டு சந்தேகம். ‘ஐ ஹேவ் காட்’ என்றால் ‘என்னிடம் இருக்கிறது’ என்கிறார்கள், ‘காட்டன்’ என்று ஒன்றும் கண்ணில் படுகிறது. இரண்டுக்கும் என்ன உறவு? ‘கெட் ஓவர்’, ‘கெட் பை’ போன்ற கூட்டுச் சொற்களை எப்படிப் படிப்பது? அவற்றுக்கும் கணக்கு உண்டா?

பழஞ்சொல்:

‘காட்டன்’ என்பது ‘கெட்’டின் மூன்றாம் வடிவத்துக்கு இருந்த பழைய உரு. அமெரிக்கர்கள் பிற்காலத்தில் கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் இருந்த வடிவம்தான் கடல் கடந்தது, பிறகு இங்கிலாந்தில் அது வழக்கொழிந்து அமெரிக்காவில் தங்கிவிட்டது. ஆனால் ‘ஃபர்காட்டன்’ இரு கரையிலும் பிழைத்திருக்கிறது. வினையே ஸ்காண்டிநேவியாவில் பேசப்பட்ட பழைய நார்ஸ் மொழியின் ‘கெட்டா’விலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ஃபர்கெட்’, ‘பிகெட்’ இரண்டும் பழைய ஆங்கிலத்தில் முன்பே இருந்த உறவினர்கள்.

அமெரிக்க வழக்கில் இரண்டு வடிவத்துக்கும் வேலை பிரிந்திருக்கிறது. ‘ஐவ் காட் எ கார்’ என்றால் என்னிடம் கார் இருக்கிறது. ‘ஐவ் காட்டன் எ கார்’ என்றால் கார் வாங்கியிருக்கிறேன். ‘ஆகுதல்’ பொருளிலும் ‘இட்ஸ் காட்டன் கோல்ட்’. பிரிட்டிஷ் வழக்கில் பொதுவாக எல்லாவற்றுக்கும் ‘காட்’தான். எந்த வழக்கில் எழுதினாலும் ஒரே கட்டுரைக்குள் இரு வழக்கையும் கலக்காமல் இருந்தால் போதும்.

‘ஹேவ் காட்’ வடிவத்தில் மூன்றாம் வடிவமாக இருந்தாலும் பொருளில் நிகழ்காலம். கேள்வி ‘ஹேவ் யூ காட் எ பென்?’ அல்லது ‘டு யூ ஹேவ் எ பென்?’ இரண்டையும் கலந்து ‘டு யூ ஹேவ் காட்’ என்று கேட்கக் கூடாது. இறந்தகாலத்துக்கு ‘ஐ ஹேட் எ கார்’ என்று சுருக்கமாக முடித்துவிடுங்கள்.

பொருள் எண்ணிக்கையில் ‘கெட்’ முதலிடம் என்று நினைத்துவிட வேண்டாம். 1989இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்கு 430 பொருள்கள். மூன்றாம் பதிப்புக்கான திருத்தத்தில் ‘ரன்’ 645 பொருளோடு அதை முந்திவிட்டது.

வலப்பக்கம்:

கூட்டுச் சொற்களுக்கும் பாதிக்கு மேல் கணக்கு உண்டு. ‘கெட்’ என்பதை நகர்வு என்று வைத்துக்கொண்டு, பின்னால் வரும் சிறு சொல்லைத் திசையாகப் படியுங்கள். ‘கெட் ஓவர் எ வால்’ என்றால் சுவரைத் தாண்டுவது. காய்ச்சலைத் தாண்டினாலும் அதுவே. ‘கெட் த்ரூ’ ஊடுருவி அப்பால் போவது; ஃபோனில் லைன் கிடைப்பதும், கடினமான காலத்தைக் கடப்பதும் அதிலிருந்து. ‘கெட் பை’ நெருக்கத்தில் ஒதுங்கி நகர்ந்துவிடுவது. குறைந்த வருமானத்தில் ஒப்பேற்றுவதும் அதே. ‘கெட் அரவுண்ட் எ ரூல்’ விதியைச் சுற்றிக்கொண்டு போவது. ‘கெட் அக்ராஸ்’ கருத்தை அக்கரை சேர்ப்பது. ‘வாட் ஆர் யூ கெட்டிங் அட்?’ என்றால் சுற்றி வளைத்து எங்கே வருகிறீர்கள்.

கணக்குக்கு அடங்காதவையும் இருக்கின்றன. ‘கெட் அவே வித் இட்’ என்றால் தப்பு செய்துவிட்டுத் தண்டனையில்லாமல் நழுவுவது. ‘கெட் அரவுண்ட் டு இட்’ என்றால் தள்ளிப்போட்ட வேலைக்கு ஒருவழியாக நேரம் ஒதுக்குவது; பக்கத்தில் இருக்கும் ‘கெட் அரவுண்ட்’டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சொல் இடம் மாறினாலும் வம்புதான். ‘கெட் ஓவர் இட்’ என்றால் அதிலிருந்து மீண்டு வா. ‘கெட் இட் ஓவர் வித்’ என்றால் பிடிக்காத வேலையைச் சட்டென்று முடித்துத் தொலை. துக்க வீட்டில் இரண்டாவதைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அலுவலகக் கடிதத்தில், ஆய்வுக் கட்டுரையில் ‘கெட்’ குறைவாக இருந்தால் நல்லது. கொச்சை என்பதால் அல்ல, தெளிவில்லாதது என்பதால். தானாக வந்தது என்றால் ‘ரிசீவ்’, முயன்று பெற்றது என்றால் ‘அப்டெய்ன்’. ‘வீ காட் பெர்மிஷன்’ என்பதை மாற்ற உட்கார்ந்தால் எந்த வகை என்று நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். ‘கெட் பேக் டு யூ’ மட்டும் மின்னஞ்சலில் தாராளமாக நிற்கலாம். பேச்சில் நேர் எதிர். ‘ஐ அப்டெய்ண்ட் எ கோல்ட்’ என்றால் விண்ணப்பம் போட்டுச் சளி வாங்கியதுபோல் இருக்கும்.

சொல்தேடி:

கடைசியாக ஒன்று. ‘ஐ காட் டு மீட் ஹெர்’ என்பதை ‘சந்திக்க வாய்த்தது’ என்று படித்தேன். ஆனால் படங்களில் ‘ஐ காட் டு கோ’ என்றால் ‘நான் போகணும்’ என்றல்லவா வருகிறது?

மூன்றாம்வடிவம்:

இரண்டும் சரி. ‘போகணும்’ என்பதன் முழு வடிவம் ‘ஐவ் காட் டு கோ’. பேச்சில் ‘ஹேவ்’ விழுந்து ‘காட்டா’ என்று தேய்கிறது. வாய்ப்புப் பொருளில் அது சாதாரண இறந்தகாலம்.

பிரிக்க, ‘காட் டு’வை எடுத்துவிட்டு ‘ஹேவ் டு’ போட்டுப் பாருங்கள். ‘ஐ ஹேவ் டு கோ நவ்’ பொருந்துகிறது, எனவே கட்டாயம். ‘ஐ காட் டு மீட் ஹெர் லாஸ்ட் இயர்’ என்பதில் ‘ஹேவ் டு’ உட்காராது, காலம் கடந்துவிட்டது, எனவே வாய்ப்பு. காலச் சொல் இல்லாவிட்டால் எதிர்மறையாக்குங்கள். ‘ஐ டிட்ன்ட் கெட் டு மீட் ஹெர்’ என்று ஆனால் சந்திக்கக் கிடைக்கவில்லை. ‘ஐ டோன்ட் ஹேவ் டு கோ’ என்று ஆனால் போகத் தேவையில்லை. நீங்களே எழுதும்போது கட்டாயத்துக்கு ‘ஐவ்’ என்பதை விடாமல் எழுதிவிடுங்கள், படிப்பவருக்குக் குழப்பமே வராது.